எந்தச் சாவுக்கு எத்தனை அடி

மச்சினன் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு, இரவல் வாங்கிப் போட்ட ரப்பர் கம்பூட்ஸைக் கழற்ற முடியாமல் என் மனைவி சரோஜா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஏலக்காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தோம். மழை விட்டும் விடாமலும் தூறியது. உள்ளே பால் விடாத கட்டன் காப்பி கொதிக்கிற வாசனை, பின்னால் தகர ஷெட்டில் காய்கிற ஏலக்காயின் வாசனை, எங்கள் மேலெல்லாம் சேற்று வாசனை.

இடது கால் பூட்ஸ் வந்துவிட்டது. வலது கால் வருவேனா என்றது. மச்சினன் மனைவி மாரீஸ்வரி எதிரே குந்தி உட்கார்ந்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வந்தது. சாக்ஸ் முழுக்க ரத்தம்.

நான் பதறி எழுந்துவிட்டேன். மாரீஸ்வரி போடிக்காரி. எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"ஏண்ணே இந்தப் பதறு பதறுறீக? அட்டைண்ணே. இந்த மழையில காட்டுக்குள்ள போயிட்டு ரத்தமில்லாம வந்தாத்தான் அதிசயம்."

"எனக்கு ஒண்ணுமே தெரியிலியே அம்மிணி," என்றாள் சரோஜா.

"கடிக்கையில தெரியாது மதினி. குடிச்சு முடிச்சு அதுவா விழுந்த பெறகுதான் தெரியும்."

மச்சினன் தங்கவேல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "வலிச்சா முள்ளு, வலிக்கிலீன்னா அட்டை. இங்க வேற ஒண்ணும் கெடையாது. பேசாம உடுக்கா."

மாரீஸ்வரி வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து சரோஜாவின் விரல் இடுக்குகளில் அப்பினாள். பாதத்தையும் திருப்பிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினாள். சரோஜா வெடுக்கென்று காலை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பித்தவெடிப்புக் காலு. அதப் போயி என்னத்தப் பாக்கறே, உடு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். காப்பி வந்தது, குடித்தோம்.

அந்தச் சிரிப்புதான் இப்போது என்னை ஓரிடத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறது.

எழுத வந்தது வேறு

போன வாரம் இந்தத் தொடரில், கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் கடைக்கு இடம் தேடி அலைந்த கதையை எழுதினேன். இந்த வாரம் கடை திறந்த நாளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஓடவில்லை. எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் நிறைவதற்குள் நிறுத்தினேன். மறுபடி உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப அந்த ரத்தச் சாக்ஸ்தான் வருகிறது. சரி, அதையே எழுதித் தொலைக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சி, கோயில் நோம்பி எல்லாம் அடிப்பேன். ஆனால் கடையை ஓட்டுவது சாவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் மேளக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குப் போன் வரும். ஒரு மணி நேரத்துக்குள் ரோட்டு முக்கில் படம் நின்றாக வேண்டும். மேலே தமிழில் 'கண்ணீர் அஞ்சலி', கீழே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. நடுவில், ஏதோ கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகம். சில முகங்களின் தோளில் பக்கத்தில் நின்றவரின் விரல் ஒட்டிக்கொண்டு வரும். அதை நகாசாக அழிப்பதற்குள் எனக்குக் கண் போய்விடும்.

வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்படீங்க ஆச்சு?" துக்கம் விசாரிக்கத்தான் கேட்கிறேன். ஆனால் பதிலைக் கேட்டதும் கை தானாக அளவைப் போட்டுவிடும்.

பைக்கில் போய் மரத்தில் மோதிய பையன் என்றால் பத்துக்கு எட்டு அடி. கூலிங் கிளாஸ் போட்ட படம், கீழே நண்பர்கள் குழுவின் பெயர், அத்தனை முக்கிலும் ஒவ்வொன்று. தென்னையிலிருந்து விழுந்தவர், ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவர், பாம்பு தீண்டியவர், இவர்களுக்கெல்லாம் எட்டுக்கு ஆறு. அட்டாக் என்றால் ஆறுக்கு நாலு, அதுவும் ஆள் வயதைப் பார்த்து. பிரஷர், கிட்னி, சர்க்கரை என்று வருகிறவர்களுக்கு மூணுக்கு ரெண்டு. "சின்னதாப் போதுமுங்க, ரொம்ப நாளாப் படுக்கையில இருந்தாரு," என்பார்கள். ரொம்ப நாள் படுத்திருந்தால் சாவு ஏன் சின்னதாகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, சாவு வீட்டுக்காரரிடம் போய்!

அவர்கள் கொண்டுவருகிற போட்டோவும் பழசாக இருக்கும். நோயாளியை யார் படம் பிடிக்கிறார்கள்?

இந்த அளவெல்லாம் நான் வைத்ததில்லை. ஜனங்கள் கேட்கிற அளவு. எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அதற்குப் பெரிது, எது பழகிவிட்டதோ அதற்குச் சிறிது. ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்தத் தொற்றுநோய்க் காலத்தில் மட்டும் இந்த வரிசை குலைந்தது. பயம் வானத்துக்கு இருந்தது, ஃப்ளெக்ஸ் ஒன்றுகூட இல்லை. முக்கில் நின்று படிக்க ஆளில்லாத ஊரில் யாருக்காக அடிப்பது? அந்த நாட்களில் நான் பூட்டிய கடைக்குள் போய் மிஷினைத் துடைத்துவிட்டு வருவேன். துடைத்ததையே துடைப்பேன்.

அய்யனும் இடியும்

இதைச் சொல்லும்போது எங்கள் அய்யன் ஞாபகம் வருகிறது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவருக்கு இடி என்றால் உயிரே போய்விடும். வானம் கறுத்தால் போதும், காட்டில் எந்த வேலை நடந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார். அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, சைக்கிள், எல்லாவற்றையும் வாசலைத் தாண்டி வீசச் சொல்வார். கண்ணாடிக்குத் துணி போர்த்துவார். அம்மாவின் தோட்டைக்கூடக் கழற்றச் சொல்லி ஒரு தடவை சண்டை. "இரும்பு இல்லீங்க, தங்கமுங்க," என்று அம்மா கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனையும் செய்துவிட்டு நடு வீட்டில் குந்தி உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைப்பார். அது முடிந்ததும் இன்னொன்று. இடி ஓய்கிறவரை பீடி ஓயாது.

இடி எங்கள் தோட்டத்தில் ஒரு தென்னையின் தலையைக்கூடத் தொட்டதில்லை. அய்யன் நெஞ்சு இரைந்து இரைந்து, தலையணையை அடுக்கி வைத்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் மழை வந்தால் அவருக்குப் பயமே இல்லை. மூச்சு வாங்குவதற்கே நேரம் சரியாக இருந்தது.

எங்கே விட்டேன்? ஏலக்காட்டில். எங்களை அங்கே இழுத்துப் போன யானைக்கே இன்னும் வரவில்லை.

சரோஜாவின் யானை

சரோஜாவுக்கு உடன்பிறந்தவன் தங்கவேல் ஒருவன்தான். போடிமெட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏலக்காடு பிடித்து, போடியிலேயே பெண்ணும் கட்டி, அங்கேயே தங்கிவிட்டான். வருஷத்துக்கு ஒரு தடவை நோம்பிக்கு வருவான். அவ்வளவுதான்.

அவன் காட்டுப் பக்கம் யானை இறங்குகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சரோஜாவுக்குத் தூக்கம் போயிற்று. விளக்கு வைக்கிற நேரமானால் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். "சாமி, ஊட்டுக்குள்ள வந்துட்டியா? கதவச் சாத்தீட்டியா? பலாப்பழம் ஊட்டுல வெக்காத, மோந்துக்கிட்டு வருமாம்." அவன் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்புவான். அதைப் பார்த்து இவள் என்னிடம் சண்டைக்கு வருவாள்.

அப்படி இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. தங்கவேல் காட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் வேலைக்குப் போன ஒருவரை யானை அடித்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் அதே யானை தங்கவேலின் காவல் ஷெட்டையும் சரித்துவிட்டுப் போயிருந்தது. ஷெட்டில் அன்று ஆளில்லை.

மலையில் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடைகளிலெல்லாம் ஆர்டர் நிறைந்துவிட்டதாம். தங்கவேல்தான் போன் பண்ணினான். "மாமா, பெருசா ஒண்ணு அடிச்சுக் கொண்டாறீங்களா? இங்க பசங்க கேக்கறாங்க." பத்துக்கு எட்டு அடித்தேன். என் கடையில் யானைச் சாவுக்கு அடித்த முதல் ஃப்ளெக்ஸ் அதுதான், இன்றுவரை கடைசியும் அதுதான். மூணுக்கு ரெண்டு அடிக்காத வாரம் ஒன்று உண்டா? கிடையாது.

சரோஜா எனக்கு முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "என்ற தம்பியக் கூட்டிக்காம நான் திரும்பி வரமாட்டனுங்க. சொல்லீட்டேன்."

"அவென் என்ன கொழந்தையா புள்ள? வந்தா என்ன வேலை பாப்பான் இங்க?"

"உங்க கடையில பசை தேய்க்கட்டும். உசுரோட இருந்தாப் போதும்."

வளைவுகளில்

பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி, போடி. போடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு மேலே ஏற ஆரம்பித்தோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ரோட்டோரம் ஃப்ளெக்ஸைப் பார்த்தால் கண் அதிலேயே போய்விடும். எழுத்து நேராக இருக்கிறதா, முகத்தில் சிவப்பு ஏறிவிட்டதா, எவன் அடித்தான். அன்றைக்கு மேலே போகப் போக அந்த மனிதரின் படம்தான். சங்கம், கிளப், கோயில் கமிட்டி, கட்சி, எல்லோரும் வைத்திருந்தார்கள். பாவம், எல்லாவற்றிலும் ஒரே போட்டோ. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வளைவில் திரும்பினேன். எதிரே ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப். எப்படி விலகினேன் என்று எனக்கே தெரியாது. வேனின் இடது சக்கரம் மண்ணில் அரைபட்டு, சுவரில்லாத இடத்தில் போய் நின்றது. கீழே போடி ஊர் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது. ஜீப்காரர் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பக்கத்தில் பார்த்தேன். சரோஜா பெல்ட்டும் போடாமல், என் பக்க ஜன்னல் வழியாக மேட்டுப் பக்கக் காட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இங்க நிறுத்தாதீங்க. யானை இருக்கப் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பதா, ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்வதா! அந்த வளைவில் நாங்கள் இரண்டு பேரும் எட்டுக்கு ஆறு ஆகியிருப்போம். ஜோடிப் படம் என்பதால் பத்துக்கு எட்டு என்றுகூடச் சொல்லலாம்.

மேலே போனதும் அவள் தம்பியைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் சண்டை. அவன் வரமாட்டேன் என்றான். "யானைக்குப் பயந்தா இந்த மலையில ஒருத்தரும் பொழைக்க முடியாதுக்கா. அது வாற வழி எங்களுக்குத் தெரியும், போன்ல மெசேஜ் வந்துரும். வா, ஷெட்டைக் காட்டறேன். நீயே பாரு."

அப்படித்தான் அவள் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்குள் வந்தாள். சரிந்து கிடந்த ஷெட்டில் தகரம், பலகை, ஆணி எல்லாம் சேற்றோடு சேறாகக் கிடந்தன. தங்கவேல், யானை எந்தப் பக்கமாக முட்டியது, எந்தப் பக்கமாக இறங்கியது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினான். நாங்கள் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தோம். சரோஜா அந்தப் பலகைகள் மேல் ஏறி நின்று, சரிவின் அந்தப் பக்கத்தை எக்கிப் பார்த்தாள். காலுக்குக் கீழே யாரும் பார்க்கவில்லை.

பிறகு இறங்கி வந்தோம். படியில் உட்கார்ந்தாள். ரத்தச் சாக்ஸ். சுண்ணாம்பு. சிரிப்பு. அன்று சாயங்காலமே முக்கில் அந்தப் பெரிய ஃப்ளெக்ஸைக் கட்டினோம். ஏணியில் நின்ற என்னைப் பார்த்து, கயிறு தொங்குகிறது என்று கீழே இருந்து சொன்னதும் சரோஜாதான். நொண்டவில்லை. ஒன்றுமில்லை. தம்பி வராத துக்கத்தைத் தவிர அவள் முகத்தில் வேறு எதுவும் இல்லை.

மகாராணியின் செருப்பு

சரோஜாவுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான், மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள்.

மாத்திரையை அவள் கல்யாண நாட்களில் போடுவாள். லட்டு சாப்பிடப் போகிறோம் அல்லவா, அதற்காக. விசேஷம் இல்லாத வாரங்களில் டப்பா அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். "இன்னிக்கு இனிப்பே திங்கிலியே, எதுக்கு மாத்திரை?" என்பாள். அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. என்ன நியாயமோ!

இன்னொன்று. பஸ்ஸில் போகும்போது அவள் காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்துவிடும். அவளுக்குத் தெரியாது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை ஒற்றைச் செருப்போடு இறங்கி, தேங்காய்க் கடை வரைக்கும் நடந்துவிட்டாள். "மகாராணி செருப்பைத் தானம் பண்ணீட்டு வாராங்க," என்று நான் கேலி பண்ண, அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியும் சிரித்தோம்.

யானை எந்த ரோட்டில் நிற்கிறது என்று போனில் தகவல் வருகிறது. இந்தக் காலுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. வந்தது என்றே இப்போது தோன்றுகிறது. நாங்கள்தான் சிரித்துவிட்டோம்.

எலி தேடின மத்தியானம்

ஊர் திரும்பிச் சில நாட்கள் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒரு நாற்றம்.

"எலி செத்துக் கெடக்குது புள்ள."

"ஆமாங்க, எனக்கும் காத்தால இருந்து அடிச்சுட்டே இருக்குது."

இரண்டு பேரும் தேட ஆரம்பித்தோம். அரிசி டிரம்மை நகர்த்தினேன். பீரோவைத் தள்ளினேன். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். நான் அடுப்படிக்குப் போனால் நாற்றம் அடுப்படியில், முன் அறைக்கு வந்தால் முன் அறையில். "என்ன எழவு எலியோ, நம்ம கூடவே வருது," என்று எரிந்து விழுந்தேன். அவள் அலுத்துப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் போன் டார்ச்சைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

அங்கே ஒன்றுமில்லை. அவள் வலது கால் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

பாதத்துக்கு அடியில், விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில், நாவல் பழ நிறத்தில் வீங்கி, நடுவில் ஒரு ஓட்டை. அதிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. நான் பிடிக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க! புருஷன் பொண்டாட்டி காலத் தொடறதா? பாவமுங்க."

"வலிக்கிலியா?"

"இல்லீங்களே. எதுக்குங்க இப்பிடிப் பாக்கறீங்க? மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிடுச்சு?"

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். பார்த்ததும் அவர் முகமும் மாறிவிட்டது. "இது எத்ர திவசமாயி அம்மே?" என்றார், எத்தனை நாளாச்சு என்று. "அட்டை கடிச்சதுங்க," என்றாள் சரோஜா, ஊசிக்குப் பயப்படுகிற குழந்தை மாதிரி. "சுண்ணாம்பு வெச்சோமுங்க. சரியாப் போச்சுங்க."

உள்ளே கொண்டுபோய் அறுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து ஒரு கிண்ணத்தைக் காட்டினார். அதில் கறுப்பாக ஒரு ரப்பர்த் துணுக்கும், சாக்ஸ் நூலும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தங்கவேலுக்குப் போன் பண்ணினேன். அவன் போனை வைக்காமலே போய் அந்த வலது கால் பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

"மாமா, அடியில ஆணி. ஒடஞ்சு உள்ளயே நிக்குது. ஷெட்டுப் பலகையில இருந்த ஆணி."

அந்த ஆணியை மிதித்துக்கொண்டு அவள் காடு முழுக்க நடந்திருக்கிறாள். சர்க்கரையில் மரத்துப்போன காலில் அவளுக்குத் தெரியவே இல்லை.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சீழ் ரத்தத்தில் ஏறியிருந்தால் ஆளே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சட்டென்று ஓர் அளவு மனசில் ஓடியது. மூணுக்கு ரெண்டு. சீ, என்ன மனசு இது! என் தலையை நானே சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் தங்கவேல் வந்து சேர்ந்தான். பஸ் மாறி மாறி, நனைந்து, ஒரு சாக்குப்பையில் அந்த பூட்ஸையும் எடுத்துக்கொண்டு. எதற்கு எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. யானையைக் கண்டு அசையாதவன் அக்கா கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "வலிச்சாத்தான் முள்ளுன்னு சொன்னனே. நாந்தான் சொன்னேன்."

சரோஜாவுக்கோ ஒரே சந்தோஷம். அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். "வந்துட்டியா சாமி. இங்கயே இருந்துக்கோ." அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பி, கண்ணில் அந்தப் பழைய குறும்போடு கேட்டாள்: "ஏனுங்க, இந்த ரெண்டு வெரலுக்கு எத்தனைக்கு எத்தனை அடிப்பீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வாய மூடு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு வெளியே போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வழியில் போன யாரோ, "ஆராணு போயது?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் போகவில்லை என்று சொல்வதற்குள் இன்னும் அழுகை வந்துவிட்டது.

எங்கே தொட்டேன்

தங்கவேல் அவள் எழுந்து நடக்கிறவரை இருந்துவிட்டு மலைக்குப் போய்விட்டான். இப்போதும் விளக்கு வைக்கிற நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் போகிறது. ஆனால் இப்போது அங்கிருந்தும் ஒன்று வருகிறது. "அக்கா, காலப் பாத்தியா? மாமா பாத்தாரா?"

பார்க்கிறேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தது. தினமும் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அவளுக்குக் குனிய முடியாது. முதல் சில நாட்கள் நான் காலைத் தொட்டதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வாசல் கதவைச் சாத்தச் சொல்வாள், அக்கம் பக்கம் பார்த்துவிடக் கூடாதாம். இப்போது பழகிவிட்டது. டீவியைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டுகிறாள். மாத்திரையும் விசேஷம் இல்லாமலே உள்ளே போகிறது.

பார்த்து முடித்ததும் ஒரு சோதனை உண்டு. அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் விரல் நுனியால் ஒவ்வொரு கால் விரலையும் பூப்போலத் தொடுவேன். எங்கே தொட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும். எந்த விரல் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று நான் மனசில் வைத்துக்கொள்வேன். வலது காலில் எடுத்ததுபோக மிச்சமிருப்பவற்றில் பெருவிரல் மட்டும் எப்போதாவது பதில் சொல்லும். இடது கால் நல்ல கால். இதுவரை எல்லா விரலும் சொல்லிக்கொண்டிருந்தது.

கடையில் இப்போதும் அதே வேலைதான். நேற்றுக் காலையில் ஒருவர் வந்தார், அண்ணன் தவறிவிட்டார் என்று. "எப்படீங்க ஆச்சு?" என்றேன். "சக்கரைங்க. ரொம்ப நாளா. சின்னதாப் போதும்," என்றார். ஆறுக்கு நாலு அடித்துக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பெருசா இருக்குதே," என்றார். இருக்கட்டும் என்றேன். அவர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இறுக்கி மூடிக்கொள்வாள், முகமெல்லாம் சுருங்கும்.

இடது கால் பெருவிரலைத் தொட்டேன். "இப்ப?"

"பெருவெரலுங்க."

நடுவிரல். "இப்ப?"

கொஞ்சம் யோசித்தாள். "நடுவெரலுங்க."

சுண்டு விரலைத் தொடக் கையைக் கொண்டுபோனேன். வாசலில் ஏதோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. யாராவது சாவுச் செய்தியோடு கடையைத் திறக்கச் சொல்லி வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். என் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"சுண்டு வெரலுங்க," என்றாள் சரோஜா, கண்ணைத் திறக்காமல். "நல்லாத் தெரியுதுங்க."

நான் இன்னும் தொடவே இல்லை.

"சரியாச் சொல்லீட்டே புள்ள," என்றேன்.